மைனஸ் 18-ல் முயல் ஏன் பாதியில் நிறுத்துகிறது? வேட்டை காலருக்கு பேட்டரி தேர்ந்தெடுப்பது எப்படி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வார எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டில் இருந்து வருது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் வேலை பார்க்கும் நம்ம நேயர் ஒருத்தர் அனுப்பினது. அவர் கூட வேலை செய்யுற ஒருத்தருக்குச் சொந்தமா மாட்டுப் பண்ணை இருக்கு. ஜனவரி மாசம் ரெண்டு பேரும் சேர்ந்து கயோட்டி வேட்டைக்குப் போறாங்க. கயோட்டின்னா நம்ம ஊர் நரிக்கும் ஓநாய்க்கும் நடுவுல ஒண்ணு, அப்படி நினைச்சுக்கோங்க. கன்னுக்குட்டி பிறக்கிற சீசன் நெருங்குறதால பண்ணைக்காரருக்கு அது விளையாட்டு இல்லை.

அவர் சொன்னதைச் சுருக்கமா சொல்றேன். "ப்ரோ, புது அல்கலைன் செல் பத்து போட்டேன். முதல் இடத்துல நல்லா பாடுச்சு. மூணாவது இடத்துல சத்தம் கரகரன்னு ஆச்சு, அப்புறம் அதுவே ஆஃப் ஆகி, அதுவே மறுபடி ஆன் ஆச்சு. தூரத்துல வந்துட்டு இருந்த கயோட்டி நின்னு பாத்துச்சு, திரும்பிப் போயிடுச்சு. சரி, மெஷின் போச்சுன்னு வீட்டுக்கு வந்து ஆன் பண்ணா, பேட்டரி கிட்டத்தட்ட ஃபுல்லுன்னு காட்டுது, சத்தமும் சூப்பரா வருது. புது மெஷின் வாங்கட்டுமா?"

வாங்காதீங்க. மெஷின்ல பிரச்சனை இல்லைன்னு கிட்டத்தட்ட உறுதியா சொல்லலாம். எப்படின்னு பாக்குறதுதான் இன்னிக்கு வேலை.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்தியாவில் உட்கார்ந்து கேட்கிறவங்க இதை வச்சு எதையும் முயற்சி பண்ணாதீங்க. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டைங்கிற வார்த்தைக்கு அர்த்தம் சுடுறது மட்டும் இல்லை. பொறி வைக்கிறது, விரட்டுறது, இரை காட்டி வரவழைக்கிறது, எல்லாமே அதுக்குள்ள வருது. நான் வேட்டைக்குப் போறவன் இல்லை, போகவும் ஆசை இல்லை. ஆனா பேட்டரி சம்பந்தமா நான் பார்த்ததிலேயே கடினமான கேள்விகளில் இது ஒண்ணு. உறைபனியில், திடீர் திடீர்னு நிறைய கரண்ட் கேட்கிற ஒரு கருவி, ஒரு நொடி கூடத் தடுமாறக் கூடாது. இதைப் புரிஞ்சுக்கிட்டா டிரெக்கிங் போறப்ப ஹெட்லாம்ப், கேமரா ஃபிளாஷ், ப்ளூடூத் ஸ்பீக்கர் எல்லாத்துக்கும் உதவும்.

காலர்னா என்ன? ஒரு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், உள்ளே ஒரு மெமரி, கையில ஒரு ரிமோட். அடிபட்ட முயல் கத்துற சத்தம், மரங்கொத்தி அலறுற சத்தம், கயோட்டி ஊளை, இப்படி நூத்துக்கணக்கில் பதிவுகள் இருக்கும். வேட்டைக்காரர் காலரைத் தன்கிட்ட இருந்து தள்ளி ஒரு புதர்ப் பக்கம் வச்சிட்டு, ஒளிஞ்சு உட்கார்ந்து ரிமோட்டில் இயக்குவார். டெக்சாஸ் பக்கம் இசைத்தட்டு, கேசட் வச்சே இந்த வேலையைச் செஞ்சுட்டு இருந்தாங்க. வேக்கோ நகரத்தில் ஜானி ஸ்டூவர்ட் பேர்ல வந்த ஒலிப்பதிவுகள் அந்த வட்டாரத்தில் பிரபலம். இப்போ எல்லாம் டிஜிட்டல். பென்சில்வேனியாவில் இருக்கிற ஃபாக்ஸ்ப்ரோ மாதிரி கம்பெனிகளுக்கு இதுதான் முழுநேரத் தொழில். மாடலைப் பொறுத்து 4, 8 அல்லது 10 ஏஏ செல் போடுவாங்க. ஏஏன்னா நம்ம ஊர்ல பென்சில் செல்னு சொல்ற அதே சைஸ். சிலதில் லித்தியம் பேக் கம்பெனியிலேயே வரும்.

காகிதத்தில் இருக்கும் எண், கையில் இருக்கும் செல்

பேட்டரி வாங்கும்போது நம்ம எல்லாரும் பாக்குறது ஒரே எண்: எத்தனை மில்லி ஆம்பியர் ஹவர். ஒரு நல்ல அல்கலைன் ஏஏ செல்லில் சுமார் 2500-க்கு மேல இருக்கும். சார்ஜ் பண்ணக்கூடிய நிக்கல் செல்லில் 2000 தான். அப்போ அல்கலைன்தானே பெட்டர்?

சுவர்க் கடிகாரத்துக்குப் பெட்டர். ஏன்னா அந்த 2500 மெதுவா, துளித்துளியா எடுத்தால் கிடைக்கிற கணக்கு. வேகமா எடுத்தால் அதில் பாதி கிடைச்சாலே அதிசயம். காரணம், செல்லுக்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கு. உள்மின்தடைன்னு பாடப்புத்தகத்தில் படிச்சிருப்பீங்க. அதை ஒரு தண்ணித் தொட்டியும் குழாயுமா யோசிங்க. தொட்டி எவ்வளவு பெரிசுங்கிறது அந்த மில்லி ஆம்பியர் எண். குழாய் எவ்வளவு ஒல்லிங்கிறது உள்மின்தடை. பெரிய தொட்டிக்கு ஸ்ட்ரா மாட்டினா தீயணைக்க முடியாது. அல்கலைன் செல்லோட கதை அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஸ்கூல்ல படிச்ச ஓம் விதி போதும். புது அல்கலைன் செல் ஒண்ணு சுமார் 1.6 வோல்ட். பத்து செல் வரிசையா போட்டா 16 வோல்ட். ஒவ்வொரு செல்லுக்கும் உள்மின்தடை 0.15-ல இருந்து 0.3 ஓம் வரை இருக்கும், நடுவுல 0.2 வச்சுக்கலாம். பத்துக்கு 2 ஓம். முயல் உச்சக்குரலில் கத்துற அந்த நொடியில் ஆம்ப்ளிஃபயர் ஒன்றரை ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. 2 ஓம் பெருக்கல் 1.5, மூணு வோல்ட் உள்ளேயே வீணாகுது. மெஷினுக்குப் போய்ச் சேர்றது 13 வோல்ட். பிரச்சனையே இல்லை, நல்லா பாடும்.

இப்போ நெப்ராஸ்கா காலைக்கு வாங்க. மைனஸ் 18 டிகிரி செல்சியஸ், அவங்க பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யம். அல்கலைன் செல்லுக்குள்ள இருக்கிற எலக்ட்ரோலைட் தண்ணி கலந்தது. குளிர்ல அயனிகள் நகர்றது மந்தமாயிடும். உள்மின்தடை பல மடங்கு ஏறும். கம்மியா மூணு மடங்குன்னே வச்சுக்கலாம்: 6 ஓம். அதே ஒன்றரை ஆம்பியருக்கு இப்போ ஒன்பது வோல்ட் உள்ளேயே காலி. மெஷினுக்கு மிச்சம் ஏழு வோல்ட். ஒரு ஆள் மூட்டை தூக்கிட்டு ஓடும்போது பின்னாடி இருந்து சட்டையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி.

ஏழு வோல்ட்டில் ரெண்டு விஷயம் நடக்கும். முதல்ல ஆம்ப்ளிஃபயர் ஒலி அலையோட உச்சியை முழுசா வரைய முடியாம வெட்டிடும். அதுதான் நம்ம நண்பர் கேட்ட கரகரப்பு. அடுத்து, உள்ளே இருக்கிற சின்ன கம்ப்யூட்டர் சிப், தனக்கு வேண்டிய வோல்ட்டேஜ் ஒரு கணம் இல்லாமப் போனதும் ரீசெட் ஆகும். எம்படட் வேலை செய்யறவங்க இதை பிரவுன் அவுட்டுன்னு சொல்லுவாங்க. சத்தம் நின்ன உடனே கரண்ட் தேவை போயிடுது, வோல்ட்டேஜ் மேல ஏறிடுது, சிப் மறுபடி உயிர் பெறுது. வெளியில இருந்து பாக்கிறவருக்கு மெஷின் பேய் பிடிச்ச மாதிரி தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் சரியாச்சு? ஹீட்டர் போட்ட அறையில் செல்கள் சூடேறிச்சு, உள்மின்தடை பழைய நிலைக்கு வந்துச்சு. சார்ஜ் எங்கேயும் போகல. தொட்டியில தண்ணி இருக்கு, குழாய்தான் உறைஞ்சு போச்சு. அதோட, சும்மா இருக்கும்போது வோல்ட்டேஜ் மீட்டர்ல பாத்தா குளிர்ல கூட ஏறக்குறைய சரியாவே காட்டும், ஏன்னா கரண்ட் ஓடாதப்ப இழப்பும் இல்லை. மெஷின்ல இருக்கிற அந்த பேட்டரி கோடுகளை நம்பி ஏமாறுறது இங்கதான்.

இது வெறும் எரிச்சல் சமாச்சாரம் இல்லை. ஒரு கயோட்டி பாதி தூரம் வந்த பிறகு சத்தம் உடைஞ்சு, கரகரத்து, அறுந்து போச்சுன்னா அது அன்னிக்கு மட்டும் தப்பிக்கிறதில்லை. அதே சத்தத்துக்கு அடுத்த முறை வர்றது கஷ்டம்னு அங்க எல்லா வேட்டைக்காரர்களும் சொல்லுவாங்க. பண்ணைக்காரரோட கன்னுக்குட்டிகளைச் சுத்தி வர்ற ஒரு கயோட்டிக்கு நீங்களே பாடம் நடத்தி அனுப்பின மாதிரி.

சரி, எந்த செல் போடுறது?

பெரும்பாலான ஆட்களுக்கு என் பதில்: நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதிலேயும் தானாக சார்ஜ் இறங்குறது குறைவா இருக்கிற வகை. 2005-ல சான்யோ கொண்டு வந்த எனிலூப் இந்த வகையைப் பிரபலமாக்குச்சு, இப்போ பானசோனிக் பேர்ல வருது. அதுக்கு முன்னாடி வந்த நிக்கல் செல்களை சார்ஜ் பண்ணி அலமாரியில் வச்சா சில மாசத்தில் காலியா இருக்கும். சீசனுக்கு சீசன் எடுக்கிற கருவிக்கு அது தலைவலி. இந்தப் புது வகையில் வருஷக்கணக்கா சார்ஜ் தங்கும்.

எண் சின்னதுதான், 2000. ஆனா உள்மின்தடை 0.03 ஓம் பக்கத்துல. பத்து செல்லுக்கு 0.3 ஓம். அதே ஒன்றரை ஆம்பியருக்கு அரை வோல்ட் கூட இழப்பு இல்லை. ஒரு செல் 1.2 வோல்ட், பத்து செல் 12 வோல்ட். தொடக்கத்தில் இருந்து கடைசி வரை கிட்டத்தட்ட அதே 12-ல நிக்கும். அல்கலைன் 1.6-ல ஆரம்பிச்சு சறுக்குமரம் மாதிரி இறங்கிட்டே வரும். நிக்கல் சமதரையில நடந்து, கடைசியில படிக்கட்டுல விழும். குளிரில் இதுவும் கொஞ்சம் மந்தமாகும், ஆனா மைனஸ் 20 வரைக்கும் வேலை செய்யும்னுதான் எனிலூப்புக்குப் போட்டிருக்காங்க.

ஒரு நாளைக்குப் போதுமா? கயோட்டிக்கு ஒரு இடத்தில் உட்கார்றது பொதுவா 15, 20 நிமிஷம். ஒரு நாளைக்கு ஒன்பது இடம்னு வச்சா மூணு மணி நேரம். சத்தம் விட்டு விட்டுத்தான் வரும், சராசரியா 5 வாட்டுன்னு தாராளமாவே போட்டா 15 வாட் ஹவர். பத்து நிக்கல் செல்லில் இருக்கிறது 24 வாட் ஹவர். போதும், மிச்சமும் இருக்கு.

ஆனா நிக்கல் செல்லுக்கு ஒழுக்கம் வேணும். பத்து செல் வரிசையில் ஒண்ணு மட்டும் பழசுன்னு வைங்க. மத்த ஒன்பதும் தெம்பா இருக்கும்போது இது காலியாயிடும். கரண்ட் நிக்காது, மத்த ஒன்பதும் சேர்ந்து இதுக்குள்ள தள்ளும். அந்த செல் தலைகீழா சார்ஜ் ஆகும், அதாவது பிளஸ் மைனஸ் மாறிப் போகும். மெஷின் மொத்த வோல்ட்டேஜை மட்டும்தான் பாக்குது, அதுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த செல் அன்னிக்கே பாழ். அதனால ஒண்ணா வாங்கின பத்தும் ஒண்ணாவே வாழணும். மார்க்கர் எடுத்து எல்லாத்துலயும் 'அ'ன்னு எழுதுங்க, அடுத்த செட்டுக்கு 'ஆ'. டிவி ரிமோட்டுக்கு அதுல இருந்து ரெண்டு கடன் வாங்காதீங்க. கடன் வாங்கின செல் வேற சார்ஜ் நிலையில திரும்பி வரும்.

சார்ஜரும் அப்படித்தான். மலிவான சார்ஜர்கள் ரெண்டு ரெண்டா சேர்த்து, டைமர் வச்சு சார்ஜ் பண்ணும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா கவனிச்சு, நிறைஞ்சதும் நிறுத்துற சார்ஜர் வாங்குங்க. என்னைக் கேட்டா நல்ல செல், மட்டமான சார்ஜர்ங்கிறதை விட, சுமாரான செல், நல்ல சார்ஜர் பரவாயில்லை.

ரெண்டாவது விஷயம், பேட்டரி கோடு. சில மெஷின்களில் அது அல்கலைன் கணக்கில் அமைச்சிருப்பாங்க. நிறைஞ்ச நிக்கல் செட்டைப் போட்டதும் 'பாதிதான் இருக்கு'ன்னு காட்டும். பயப்பட வேண்டாம். அந்தப் பாதியிலேயே ரொம்ப நேரம் நிக்கும். மெனுவில் பேட்டரி வகை மாத்துற வசதி இருந்தா மாத்திக்கோங்க.

இப்போ அந்த விலை உசந்த ஆள்: சார்ஜ் பண்ண முடியாத லித்தியம் ஏஏ. எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியம் மாதிரி. இதுக்குள்ள தண்ணியே கிடையாது, கரிமக் கரைப்பான்தான், அதனால உறையுற பேச்சே இல்லை. மைனஸ் 40 வரைக்கும் போடலாம்னு குறிப்பில் இருக்கு. (மைனஸ் 40-ல ஒரு வசதி, செல்சியஸா பாரன்ஹீட்டான்னு கேட்கவே வேணாம், ரெண்டும் ஒண்ணுதான்.) எடை 15 கிராம், அல்கலைன் 23 கிராம். வருஷக்கணக்கா அலமாரியில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். விலை அல்கலைனை விடப் பல மடங்கு, ஒரு தடவை போட்டா முடிஞ்சது. தினம் போறவருக்குக் கட்டுப்படியாகாது. ஆனா பையின் அடியில் எப்பவும் கிடக்கிற அவசர செட்டுக்கு இதை விட நல்லது கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. புது லித்தியம் செல் பேர்லதான் 1.5 வோல்ட். கரண்ட் ஓடாதப்ப அளந்தா சுமார் 1.8 இருக்கும். பத்து போட்டா 18 வோல்ட். உங்க மெஷின் அதைத் தாங்குமான்னு மேனுவல்ல பாத்துட்டுப் போடுங்க. மேனுவல் வேணாம்னு சொன்னா, வேணாம்.

அளவு ஒண்ணு, ஆள் வேற

இனி ரெண்டு ஏமாத்துக்காரங்களைப் பத்திச் சொல்லணும். முதல் ஆள் ரொம்ப ஆபத்தானவர்: 14500 லித்தியம் அயான் செல். பாக்க அப்படியே ஏஏ, அதே நீளம், அதே தடிமன். வோல்ட்டேஜ் 3.7, முழுசா நிறைஞ்சா 4.2. பத்து போட்டீங்கன்னா 42 வோல்ட். மெஷின் ஒரே ஒரு தடவை சத்தம் போடும், அது முயல் சத்தமா இருக்காது. ஆன்லைனில் 'ரீசார்ஜபிள் லித்தியம் ஏஏ'ன்னு தேடினா இதுவும் பக்கத்துலயே வந்து நிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி வோல்ட்டேஜைப் படிங்க.

இன்னொரு ஆள் கொஞ்சம் நாகரிகமானவர்: யூஎஸ்பி கேபிள் குத்தி சார்ஜ் பண்ற 1.5 வோல்ட் ஏஏ. உள்ளே லித்தியம் அயான் செல்லும், 3.7-ஐ 1.5-ஆ குறைக்கிற ஒரு குட்டி சர்க்யூட்டும் இருக்கும். கேக்க அருமையா இருக்கு. ஒத்த செல் போடுற மவுஸ்ல நல்லாவே ஓடுது. காலர்ல ரெண்டு காரணத்துக்காக எனக்குப் பிடிக்கல. அது கடைசி வரை 1.5-ஐக் காட்டிட்டு, முடிஞ்சதும் சட்டுன்னு முழுசா அணைஞ்சிடும். எட்டு செல் வரிசையில் முதல்ல முடியிற ஒண்ணு மொத்த வரிசையையும் அறுத்துடும், முன்னறிவிப்பே இல்லாம. அடுத்தது, அந்தக் குட்டி சர்க்யூட் நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஸ்விட்ச் ஆகுது. அந்த மின்னிரைச்சல் பக்கத்துல இருக்கிற ரேடியோ ரிசீவரைத் தொந்தரவு பண்ணலாம். உங்க ரிமோட் 200 கஜத்தில் வேலை செய்ய வேண்டியது 80-லயே திக்கினா, மெஷினைத் திட்டுறதுக்கு முன்னாடி செல்லை மாத்திப் பாருங்க.

கம்பெனியே லித்தியம் அயான் பேக் கொடுக்கிற மாடல் உங்ககிட்ட இருந்தா இந்தத் தலைவலி எதுவும் இல்லை. மூணு 18650 செல் வரிசையா வச்சா 11.1 வோல்ட், செல் 3000-ன்னா 33 வாட் ஹவர். குளிரில் சக்தி குறையும், ஆனா சமாளிக்கும். பேக் கட்டிக் கொடுக்கிறேன்னு யாராவது 9900 மில்லி ஆம்பியர் 18650 காட்டினா சிரிச்சிட்டு நகர்ந்திடுங்க. அந்த உருளைக்குள்ள நல்ல கம்பெனிக்காரங்களே 3500 பக்கத்துலதான் நிக்கிறாங்க.

இதில் ஒரு விதி மட்டும் மனப்பாடமா இருக்கணும். பூஜ்யத்துக்குக் கீழ டிஸ்சார்ஜ் பண்ணலாம், சார்ஜ் பண்ணக் கூடாது. பிக்கப் டிரக்கின் பின்பக்கம் ராத்திரி முழுக்க உறைஞ்சு கிடந்த பேக்கை, காலையில போற வழியில டாஷ்போர்டு சாக்கெட்ல குத்துறது அங்க சர்வ சாதாரணமா நடக்கக்கூடியது. உறைஞ்ச நிலையில் சார்ஜ் ஏத்தினா லித்தியம் கிராஃபைட்டுக்குள்ள போய் உட்காராம, அது மேலேயே உலோகமா படியும். கொள்ளளவு நிரந்தரமா போகும். படிஞ்ச உலோகம் ஊசி மாதிரி வளர்ந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆனா தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கு. அந்தத் தீ அன்னிக்கே வரணும்னு இல்லை. பேக்கை அறைச் சூட்டுக்குக் கொண்டு வந்துட்டு சார்ஜ் போடுங்க.

வாத்துக்காரங்க கணக்கு வேற

இதுவரை பேசினது கயோட்டி. பறவைக்கு வந்தா அமெரிக்காவிலேயே சட்டம் தலைகீழா மாறுது. வாத்து, கூஸ் மாதிரி வலசைப் பறவைகளை எலக்ட்ரானிக் சத்தம் வச்சு வேட்டையாட மத்திய அரசு விதி தடை போட்டிருக்கு. ஒரு விதிவிலக்கு, பனி வாத்து, அதாவது ஸ்னோ கூஸ். அதோட எண்ணிக்கை எக்கச்சக்கமா பெருகி, ஆர்க்டிக் துந்திரா நிலத்துப் புல்லை வேரோட தின்னு தரிசாக்க ஆரம்பிச்சதால, 1999-ல இருந்து அதுக்குன்னு தனிப் பாதுகாப்பு ஆணை. வழக்கமான சீசன் முடிஞ்ச பிறகு, அந்த ஆணை நடக்கிற இடங்களில் எலக்ட்ரானிக் காலர் வச்சுக்கலாம்.

அங்க பென்சில் செல் பேச்சே கிடையாது. வயல் முழுக்க நூத்துக்கணக்கில் பொம்மைப் பறவைகள், நாலஞ்சு ஸ்பீக்கர், விடியல்ல இருந்து சாயங்காலம் வரை ஆயிரம் பறவை இரைச்சல் நிக்காம ஓடணும். 20 வாட், 8 மணி நேரம்னா 160 வாட் ஹவர். நம்ம வீட்டு கம்ப்யூட்டர் யூபிஎஸ்ல இருக்கிற 12 வோல்ட் 7 ஆம்பியர் லெட் ஆசிட் பேட்டரியில் 84 தான் இருக்கு. அதையும் பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு குறையும், அதாவது கையில 42. குளிர்ல இன்னும் குறைவு. இன்னொரு பயங்கரமும் இருக்கு: சார்ஜ் இறங்கிய லெட் ஆசிட்ல அமிலம் கிட்டத்தட்ட தண்ணியாயிடும். நிறைஞ்ச பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும், காலியானது மைனஸ் பத்துப் பக்கத்துலயே உறைஞ்சு வெடிச்சு உடையலாம்.

அதனால அந்தப் பக்கம் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுறது அர்த்தமுள்ள செலவு. 12.8 வோல்ட், 20 ஆம்பியர் ஹவர்னா 256 வாட் ஹவர். ஏறக்குறைய முழுசா எடுக்கலாம். எடை அதே அளவு லெட் ஆசிட்டில் பாதிதான். சேத்து வயல்ல தூக்கிட்டு நடக்கிறவருக்கு இது பெரிய விஷயம். உறைநிலையில் சார்ஜ் கூடாதுங்கிற விதி இதுக்கும் பொருந்தும். வாங்கும்போது குளிர்ல சார்ஜைத் தானா நிறுத்துற பாதுகாப்பு உள்ளே இருக்கான்னு கேளுங்க. விமானத்தில் எடுத்துட்டுப் போக முடியுமான்னு கேட்டா, முடியாது. 100 வாட் ஹவர் வரைக்கும் உபரி லித்தியம் பேட்டரி கைப்பையில் போகலாம், 100-ல இருந்து 160 வரை விமான நிறுவனத்தோட அனுமதி வேணும், அதுக்கு மேல கதவு சாத்தியாச்சு.

ஒரு பைசா செலவில்லாம பேட்டரியை நீட்டிக்க வழி இருக்கு, அது வால்யூம் பட்டன். சத்தத்தை 3 டெசிபல் கூட்டினா ரெண்டு மடங்கு சக்தி, 10 டெசிபல் கூட்டினா பத்து மடங்கு. திறந்தவெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும், அதை ஈடுகட்ட நாலு மடங்கு சக்தி வேணும். அதாவது முழு வால்யூமில் வைக்கிற கடைசி ரெண்டு கோடுதான் உங்க பேட்டரியில் பெரும்பகுதியைச் சாப்பிடுது. காத்தில்லாத காலையில் அது தேவையும் இல்லை. அனுபவசாலிகள் மெதுவான சத்தத்தில் ஆரம்பிக்கிறது பக்கத்துல படுத்திருக்கிற விலங்கை விரட்டக் கூடாதுன்னு. உங்க செல்லுக்கும் அது நல்லது.

ரிமோட்டை எல்லாரும் மறந்துடுறாங்க. கயோட்டி 50 கஜத்தில் நிக்கும்போது சத்தத்தை நிறுத்த முடியலைன்னா அதுவும் தோல்விதான். ரிமோட் கொஞ்சமாத்தான் கரண்ட் இழுக்கும், அதனால லித்தியம் செல் ஒரு சீசனே ஓடிடும், மேனுவல் ஒத்துக்கிட்டா அதையே போடுங்க. ஸ்கிரீன் குளிர்ல மந்தமாகிறது பேட்டரி கோளாறு இல்லை, எல்சிடி அப்படித்தான். இடம் மாறும்போது கோட்டுக்குள்ள வச்சுக்கோங்க.

சரி, நம்ம நெப்ராஸ்கா நண்பருக்கு. உங்க மெஷின் பத்து செல் போடுற மாடல், அதனால 12 வோல்ட் நிக்கல் செட் பொருத்தமா இருக்கும். இருபது செல் வாங்குங்க, ரெண்டு செட்டு, ஒரு நல்ல சார்ஜர். புது மெஷின் விலைக்குப் பக்கத்துல கூட வராது. மேனுவல் அனுமதிச்சா லித்தியம் ஒரு செட், பையோட அடியில். அந்த அல்கலைன் பத்தையும் தூக்கிப் போட வேண்டாம், அதுல இன்னும் நிறைய இருக்கு, சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட்டுன்னு வீட்டுக்குள்ள தீர்த்துடுங்க. முக்கியமா, ராத்திரி மெஷினை டிரக்கில் விடாதீங்க. செல்லைக் கழற்றி வீட்டுக்குள்ள கொண்டு வாங்க. ரெண்டாவது செட் காலையில கோட்டோட உள்பாக்கெட்ல, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள இருக்கட்டும். சாவிக்கொத்தோட சேர்த்துப் போட்டா ஷார்ட் ஆகும்.

சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காம சோதிச்சும் பாக்கலாம். வீட்டு ஃப்ரீசர் சாதாரணமா மைனஸ் 18-லதான் இருக்கும், உங்க வேட்டைக்காட்டு குளிரும் அதேதான். அல்கலைன் பத்தையும் ஒரு ஜிப் கவர்ல போட்டு மூணு மணி நேரம் உள்ளே வைங்க. எடுத்து, மேல படியிற ஈரத்தைத் துடைச்சு, உடனே மெஷின்ல போட்டு முழு வால்யூமில் முயலை ஓட விடுங்க. அப்புறம் நிக்கல் செட்டுக்கும் அதே. வித்தியாசம் காதுலயே கேக்கும். ஓட விடுறதுக்கு முன்னாடி மட்டும் வீட்ல இருக்கிறவங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அடிபட்ட முயல் கத்துறது குழந்தை கத்துற மாதிரியே இருக்கும்.